இயந்திரம் படிக்கும் ஏடு

கலைக் கல்லூரி மாணவனுக்கு லேத்துப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கோவையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி சற்று வியப்பாகவே இருக்கும். எங்கள் பகுதியில் மளிகைக் கடைகளைவிடப் பட்டறைகள் அதிகம் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. என் தாய்மாமா இருபது ஆண்டுகளாகப் பட்டறையில் உழைப்பவர். முதலில் கையால் ஓட்டும் லேத்து, பிறகு சி.என்.சி. லேத்து. அதாவது, கணிப்பொறி எண்களைப் படித்துத் தானே கடைசல் செய்யும் இயந்திரம். சென்ற கோடை விடுமுறையில் ஆறு வாரம் அவரோடு அப்பட்டறைக்குச் சென்று வந்தேன். "கம்ப்யூட்டர் படிக்கிற பையன், புரோகிராம் அடிச்சுக் குடுப்பான்" என்று சொல்லி முதலாளியிடம் மாமா அனுமதி வாங்கியிருந்தார். நான் அடித்துக் கொடுத்த புரோகிராம் என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் அந்த இயந்திரம் படிக்கும் மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

லேத்தில் இரும்புத் தண்டு 'சக்' என்னும் பிடியில் மாட்டப்பட்டுச் சுழல்கிறது. வெட்டும் கருவி அதனருகே வந்து தேவையற்ற இரும்பைச் சீவி எடுக்கிறது. கருவி எங்கே நிற்க வேண்டும் என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். எக்ஸ் என்பது விட்டம். இசட் என்பது நீளவாக்கில் உள்ள தொலைவு. தண்டின் முகப்பு இசட் சுழி. அதற்குள்ளே போகப்போக எதிர்மறை எண்கள். ஜி என்ற எழுத்தோடு வரும் எண், எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறது. ஜி00 என்றால் எதையும் வெட்டாமல் விரைந்து செல். ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே செல். ஜி02, ஜி03 என்றால் வளைகோட்டில் வெட்டு. எஃப் என்பது ஒரு சுற்றுக்குக் கருவி எத்தனை மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்பது. எம்03 தண்டைச் சுழற்றும். எம்08 குளிர்நீரைத் திறந்துவிடும். எம்30 புரோகிராமை முடித்துவைக்கும். இவை ஆங்கில எழுத்துக்களே. இம்மலரில் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

இனி ஒரு புரோகிராமின் நான்கு வரிகளை, பட்டறைக் கணிப்பொறியில் இருந்தபடியே ஒட்டி எழுதிக் காட்டுகிறேன்:

என்70ஜி00எக்ஸ்25.4இசட்2.0
என்80ஜி01இசட்-40.0எஃப்0.2
என்90எக்ஸ்34.0
என்100ஜி00இசட்2.0

கருவி 25.4 மி.மீ. விட்டத்துக்கு நேராக, முகப்புக்கு 2 மி.மீ. முன்னால் வந்து நிற்கிறது. பிறகு 40 மி.மீ. நீளம் வெட்டுகிறது, வெளியே விலகுகிறது, பழைய இசட் நிலைக்குத் திரும்புகிறது. இவ்வளவுதான். ஆனால் இப்படி முந்நூறு வரிகள், இடைவெளியின்றி, ஒரே கறுப்பு நிறத்தில், திரை முழுதும் நிறைந்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

ஏன் இப்படி நெருக்கி எழுதினார்கள்? அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் தொடங்கிவைத்த எண்ணத்தை வளர்த்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 1952இல் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினர். அவ்வகை இயந்திரங்களுக்குக் கட்டளை போனது துளையிட்ட நாடாவின் வழியே. பின்னர் வழக்கமாகிவிட்ட நாடா ஓரங்குல அகலம் கொண்டது. அதன் குறுக்கே எட்டுத் துளைகளுக்கு இடம். ஒரு குறுக்கு வரிசை ஓர் எழுத்து. ஓர் அங்குல நீளத்தில் பத்து எழுத்துக்கள் அடங்கும். ஆக, ஓர் இடைவெளி விட்டால் நாடா அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீளும். யார் வீணாக இடைவெளி விடுவார்கள்? நாடாவைக் கண்ணால் படிப்பவர் எவருமில்லை, படிப்பது இயந்திரம். மனிதர் எழுதுவதற்கென்று ஆங்கிலச் சொற்களால் ஆன ஏபிடி என்னும் மொழி தனியே உருவாயிற்று. 1959இல் அதனைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகம் செய்தபோது, அம்மொழியின் உதவியால் கடைந்த அலுமினியச் சாம்பல் கிண்ணங்களைப் பரிசாகக் கொடுத்தார்களாம்! இயந்திரத்துக்கான எழுத்துமுறை 1982இல் ஐ.எஸ்.ஓ. 6983 என்னும் உலகத் தரமாயிற்று. நாடா போய்விட்டது. நாடாவுக்காக ஏற்பட்ட சிக்கனம் மட்டும் போகவில்லை.

இதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஓலைச்சுவடி கதைதான் தம்பி" என்றார். ஓலையில் எழுத்தாணி புள்ளி வைத்தால் ஓலை கிழியக்கூடும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே பொருளறிந்து முடிவு செய்ய வேண்டும். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் சொல்லைப் பிரித்து, புள்ளியிட்டு, அச்சேற்றப் பட்ட பாடு நாம் அறிந்ததே. எழுதும் பொருள் எழுத்தின் வடிவத்தை இப்படி ஆட்டிவைக்கிறது. ஓலையில் விடுபட்ட புள்ளியைத் தமிழறிந்தவர் ஊகித்துக்கொள்வார். இயந்திரம் ஊகிப்பதில்லை. இங்கேதான் என் கதை வருகிறது.

அந்தப் புரோகிராமில் 25.4 என்றிருந்த விட்டத்தை 25 ஆக மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளரிடமிருந்து புதிய வரைபடம் வந்தது. மாலை ஆறு மணி. மாமா இரண்டாம் ஷிப்டில் இருந்தார். நான் கணிப்பொறியில் கோப்பைத் திறந்து, 25.4இல் இருந்த '.4' ஐ அழித்தேன். எக்ஸ்25 என்று நின்றது. கணக்கில் 25உம் 25.0உம் ஒன்றுதானே! கோப்பை இயந்திரத்துக்கு அனுப்பினேன்.

ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டகம் பெரும்பாலும் புள்ளியில்லாத எண்ணை மில்லிமீட்டராகக் கொள்வதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் மிகச் சிறிய அலகாகவே கொள்கிறது. எனவே எக்ஸ்25 என்பது 25 மி.மீ. அன்று, 0.025 மி.மீ. ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. (இவ்வழக்கத்தை மாற்றியமைக்கும் வசதியும் அந்த இயந்திரங்களில் உண்டு. ஆனால் ஒரே பட்டறையில் ஓர் இயந்திரம் ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் புரிந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பார் மாமா.)

அளவு மாற்றினால் முதல் ஜாபைச் 'சிங்கிள் பிளாக்'கில், அதாவது ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, ஓட்டிப் பார்ப்பது முறை. ஓர் எண்தான் மாறியது, அதிலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்று மாமா நேரே ஓட்டினார். கருவி தண்டின் மையத்துக்கு நேராக வந்து நின்றது. விட்டம் குறையக் குறையச் சுழலும் வேகத்தைக் கூட்டும் ஜி96 கட்டளை நடப்பில் இருந்ததால், இயந்திரம் உச்ச வரம்பான 2500 சுற்றை நோக்கிப் பாய்ந்தது. அந்தச் சத்தம் ஏறியதை நான் கேட்டேன். ஏதோ தவறு என்று மாமாவும் உணர்ந்து கையை நீட்டினார். அந்த வேகத்தில், சுற்றுக்கு 0.2 மி.மீ. வீதம், எஞ்சியிருந்த 2 மி.மீ. தொலைவைக் கடக்கக் கால் வினாடி போதும். பக்கவாட்டில் சீவ வேண்டிய கருவி தண்டின் முகப்பில் நேராகக் குத்தியது. இன்செர்ட் தூளாயிற்று, ஹோல்டர் வளைந்தது, டர்ரெட் இருக்கை நகர்ந்தது. கதவு மூடியிருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. டர்ரெட்டைச் சரிசெய்ய மறுநாள் முதல் ஷிப்டு முழுதும் ஆயிற்று.

ஷிப்டுப் பதிவேட்டில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதி மாமாவின் பெயரைச் சேர்த்தார்கள். காலையில் நான் முதலாளியிடம் சென்று, அடித்தது நான்தான் என்று சொன்னேன். "நீ படிக்கிற பையன். பட்டனை அமுத்துனது யாரு?" என்றார். பதிவேட்டில் எழுதியது எழுதியதுதான். மாமா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

அன்று பிற்பகல் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பட்டறையில் இருந்த மூன்று பேரிடம் காட்டித் தவறு எங்கே என்று கேட்டேன். மூவரும் பத்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர்கள். முதல் வாசிப்பில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தவறு எது என்று தெரிந்த எனக்கே அந்த வரியைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. எனவே குற்றம் கவனத்தில் மட்டும் இல்லை, ஏட்டிலும் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். ஏட்டைத் திருத்துவது கணினி மாணவனால் ஆகக்கூடிய காரியம்.

பட்டறைக் கணிப்பொறியில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்னும் இலவசத் தொகுப்பான் இருந்தது. டான் ஹோ என்பவர் 2003இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பானில், நமக்கு வேண்டிய மொழியை நாமே வரையறுத்துக்கொள்ள வழியுண்டு. ஜி என்று தொடங்கும் சொல்லுக்கு ஒரு வண்ணம், எம் என்று தொடங்குவதற்கு வேறு வண்ணம், பிறை அடைப்புக்குள் வரும் குறிப்புக்குச் சாம்பல் நிறம் என்று சொல்லிவைக்கலாம். ஆனால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை அது இடைவெளியைப் பார்த்தே அறிகிறது. நம் வரிகளிலோ இடைவெளியே இல்லை! முழு வரியும் என் என்று தொடங்கும் ஒரே சொல்லாகத் தோன்றி, ஒரே வண்ணத்தில் நின்றது.

ஆகவே முதற்பணி, பதிப்பாசிரியர் செய்த அதே பணி: சொல் பிரித்தல். தேடி மாற்றும் வசதியில் 'சீர்வடிவம்' என்று ஒரு முறை உண்டு. குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடாமல், சொல்லின் அமைப்பைத் தேடுவது. ஓர் எழுத்து, அதன்பின் கழித்தல் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அதன்பின் இலக்கங்களும் புள்ளியும். இவ்வமைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன் பின்னே ஓர் இடைவெளி சேர் என்று கட்டளையிட்டேன். ஒரு நொடியில் முந்நூறு வரிகளும் பிரிந்து நின்றன. வண்ணமும் வந்தது. விரைந்து செல்லும் ஜி00க்குச் செம்மஞ்சள், வெட்டும் ஜி01, 02, 03க்கு நீலம், கருவி மாற்றத்துக்குத் தடித்த எழுத்து. முதலில் சிவப்பும் பச்சையும் வைத்திருந்தேன். பட்டறையிலுள்ள ஓர் அண்ணன் இரண்டும் தமக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன என்றார். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அதன்பின் முக்கியமானவற்றுக்கு வண்ணத்தோடு அடிக்கோடும் சேர்த்தேன்.

எழுத்துருவையும் மாற்றினேன். ஃபானுக் புரோகிராமின் பெயர் ஓ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும். உடனே சுழிகள் வரும். சாதாரண எழுத்துருவில் எது ஓ, எது சுழி என்று தெரியாது. சுழியின் நடுவே கோடு கிழித்த, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைப் போட்டதும் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இது சிறிய மாற்றம்தான். ஆனால் மாமா முதலில் பாராட்டியது இதைத்தான்.

அடுத்து, புள்ளியில்லாத எண்ணைப் பிடிப்பது. இதற்குத்தானே இத்தனையும்! வண்ண வரையறையால் இது ஆகாது. தேடும் சாளரத்தில் உள்ள 'குறியிடு' என்னும் வசதியைக் கொண்டே செய்ய வேண்டியிருந்தது. எக்ஸ் என்ற எழுத்து, பிறகு இலக்கங்கள், பிறகு புள்ளி இல்லாமை என்று வடிவம் எழுதினேன். அழுத்தியதும் சரியான எண்களிலும் பெரும்பாலானவை சிவப்பாயின. எக்ஸ்25.4 என்ற சரியான எண்ணையும் அது குற்றவாளி ஆக்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரவு ஆயிற்று. 25 வரை படித்து அடுத்துப் புள்ளி இருப்பதைக் கண்ட தொகுப்பான், ஓர் அடி பின்வாங்கி 2 என்பதோடு நின்றுகொள்கிறது. 2க்கு அடுத்து இருப்பது 5, புள்ளி இல்லை, எனவே "கிடைத்துவிட்டது" என்கிறது! அடுத்து வருவது புள்ளியாகவும் இருக்கக்கூடாது, இலக்கமாகவும் இருக்கக்கூடாது என்று திருத்திய பிறகுதான் அமைதி ஏற்பட்டது.

முழு அமைதியும் இல்லை. கருவியை வீட்டுக்கு அனுப்பும் ஜி28 யூ0 டபிள்யூ0 என்ற வரி ஒவ்வொரு கருவிக்கும் வருகிறது. சுழிக்குப் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் சுழிதான். அதுவும் சிவப்பாக நின்றது. "எல்லாஞ் செவப்பா இருந்தா எதையும் பாக்கத் தோணாது கண்ணு" என்றார் மாமா. சரியான பேச்சு. சுழியை விலக்கினேன். எஸ், டி, எம், பி, கியூ ஆகிய எழுத்துக்களோடு வரும் எண்களுக்குப் புள்ளி தேவையில்லை, அவற்றையும் விட்டுவிட்டேன். எக்ஸ், இசட், யூ, டபிள்யூ, ஐ, கே, ஆர், எஃப் ஆகிய எட்டு எழுத்துக்கள் மட்டும் மிஞ்சின. இப்போது நல்ல புரோகிராமில் ஒன்றும் சிவப்பாவதில்லை.

வண்ணத்தால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மேலே காட்டிய வரிகளில் என்90ஐப் பாருங்கள். எக்ஸ்34.0 என்று மட்டும் இருக்கிறது. வெட்டிக்கொண்டு போக வேண்டுமா, விரைந்து போக வேண்டுமா? முந்தைய வரியின் ஜி01 மாற்றப்படும்வரை நடப்பில் இருக்கும் என்பது விதி. தொல்காப்பியர் சொல்லும் அதிகார முறைபோல, மேலே சொன்னது கீழும் தொடரும். நான்கு வரிக்குள் என்றால் சரி. நாற்பது வரிக்கு மேலே சென்று தேட வேண்டுமானால்? தனித்தனிச் சொல்லைப் பார்த்து வண்ணமிடும் முறைக்கு இத்தொடர்ச்சி தெரியாது. எனவே பைதான் மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். அது கோப்பை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, ஜி இல்லாத ஒவ்வொரு நகர்வு வரியிலும் நடப்பில் உள்ள கட்டளையை ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடும்.

குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாமே என்று மாமா கேட்டார். அந்தக் கட்டுப்பாட்டகம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்கும். ஆகவே 'கரடு வெட்டு', 'முகம்', 'மரை' என்பவற்றையெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருக்கிறோம். பார்க்க அழகாக இல்லை. ஆனால் இரவு ஷிப்டில் எவரும் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு தடையும் வந்தது. பட்டறையின் பழைய இயந்திரத்தின் கையேட்டைப் புரட்டியபோது, நினைவகத்தின் அளவை 80 மீட்டர் என்று போட்டிருந்தார்கள்! நாடாவே இல்லாத இயந்திரத்துக்கு நாடாவின் நீளத்தால் கணக்கு. அங்குலத்துக்குப் பத்தெழுத்து என்றால் மீட்டருக்குச் சுமார் 394. எண்பது மீட்டருக்கு ஏறத்தாழ 31,500 எழுத்துக்கள். இம்மலரில் சில பக்கங்கள்தான். நான் சேர்த்த இடைவெளிகளும் குறிப்புகளும் அதில் இடம் பிடிக்கும். மனிதருக்கு ஒரு பிரதி, இயந்திரத்துக்கு ஒரு பிரதி என்று இரண்டு வைத்தால், எதைத் திருத்தினோம் எதை விட்டோம் என்ற குழப்பம் நிச்சயம் வரும். ஆகவே படிக்கத்தக்க பிரதி ஒன்றுதான் மூலம். அனுப்பும் நேரத்தில் மட்டும் நிரல் இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கி அனுப்பும் என்று ஏற்பாடு செய்தோம்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்துவிட்டேன். அளவு மாறும் நாட்களில் மாமா கோப்பைக் கைப்பேசியில் அனுப்புகிறார். சென்ற மாதம் ஒரு கோப்பில் எக்ஸ்18 என்று ஓரிடம் சிவப்பாயிற்று. பதறிப்போய் அழைத்தேன். "தெரியும் கண்ணு, நாந்தான் புள்ளிய எடுத்துட்டு அனுப்புனேன். புடிக்குதான்னு பாத்தேன்" என்று சிரித்தார். பிறகு, "ரெண்டு வெச்சேன். ஒண்ணத்தான் சொன்ன" என்றார்.

மறுபடியும் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். 25.0 இருக்க வேண்டிய இடத்தில் 2.50 இருந்தது. புள்ளி இருக்கிறது, இடம்தான் மாறிவிட்டது. என் விதிப்படி அதில் குற்றமில்லை. இப்போது நிரலில் ஒரு பகுதியைக் கூட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கருவியும் தொடும் மிகச் சிறிய விட்டத்தையும் மிக அதிக ஆழத்தையும் அது கோப்பின் தலைப்பில் பட்டியலாகத் தருகிறது. மாமா அதை வரைபடத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறார். முதல் ஜாபு இப்போதும் சிங்கிள் பிளாக்கில்தான் ஓடுகிறது.